ஏழு கிலோ அக்கா

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. மின்கட்டணம் கட்டுவது, ரயில் டிக்கெட், விமான டிக்கெட், கூரியர் எல்லாம் அந்தப் பத்துக்கு எட்டு அறைக்குள்தான். கூரியருக்காக மேஜை மேல் ஒரு மின்தராசு வைத்திருந்தேன். அந்தத் தராசுக்குத் தெருவில் ஒரு போட்டியாள் உண்டு. எதிர்வரிசையில் நாலாவது வீட்டில் குடியிருந்த போஸ்டாபீஸ் அக்கா.

முப்பது வருடத்துக்கு மேல் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொட்டலத்தையும் உள்ளங்கையில் வாங்கி, லேசாக ஒரு தூக்குத் தூக்கி, எடையைச் சொல்லிவிடுவார். யாராவது கூரியர் போட வரும்போது அவரும் கடையில் நின்றால், அவர்கள் கையிலிருப்பதை வாங்கிப் பார்த்து, "ஒண்ணே முக்கால்" என்பார். நான் தராசில் வைப்பேன். ஒரு கிலோ எழுநூற்று நாற்பது காட்டும்.

"ஒங்க தராசு பத்து கிராம் கம்மியா காட்டுது தம்பி."

"தராசு புதுசுக்கா."

"புதுசுன்னா சரியாத்தான் இருக்கணுமா?"

அவரிடம் இருந்த ஒரே திமிர் இதுதான். மற்றபடி அப்படி ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. அவருக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டு. 'முடியாது' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. என் கடையில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்பவர்கள் எல்லாருக்கும் அவர்தான் எழுதிக் கொடுப்பார். ஒரு நாளைக்கு நாலு பேர் வருவார்கள். அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு வந்த நாளிலும் நின்று எழுதுவார். கடைசி வீட்டுக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, "ரெண்டு நாளைக்குப் பாத்துக்கிடுங்க" என்று ஒரு சேவலைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். அந்தச் சேவல் எட்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தது. விடியுமுன் அது தெருவையே எழுப்பும். எல்லாரும் அக்காவைத் திட்டினார்கள். அக்கா சேவல்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டார்தான், சேவல் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக.

இப்படிப்பட்ட ஆள் கவுண்டரில் எப்படிக் காலம் தள்ளினார் என்று ஒருதரம் கேட்டேன். சிரித்தார். கவுண்டருக்கு மேலே விதிகள் எழுதிய அட்டை ஒன்று தொங்குமாம். எத்தனை கிலோ வரை போகும், எதெதை அனுப்பக்கூடாது என்று. யாராவது கெஞ்சினால் அண்ணாந்து அந்த அட்டையைப் பார்ப்பாராம். "ரூல்ல இல்லியே அண்ணாச்சி, நா என்ன செய்யட்டும்?" என்பாராம். வந்தவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, அட்டையைத் திட்டிக்கொண்டு போய்விடுவார்.

அக்காவின் கணவர் தவறிப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், பூனாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கே மருமகன், ஒரு பேத்தி. ரயிலில் போனால் ஒன்றரை நாள். இறங்கும்போது அக்காவுக்குக் கால் முட்டு நிமிராது. அதனால் திருவனந்தபுரம் போய் அங்கிருந்து விமானத்தில் போகலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் குறை சொல்லக் கூடாதே என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்கினேன்.

"அக்கா, இதுல ஒண்ணும் கெடையாது பாத்துக்கிடுங்க. பெட்டி போட முடியாது. கையில ஏழு கிலோதான். சாப்பாடு கெடையாது. சீட்டு அவன் குடுக்குற எடம்."

"சரி."

"தேதி மாத்த முடியாது. போகாம இருந்துட்டா ஒரு பைசா திரும்பாது."

ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அக்காவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இதெல்லாம் எழுதிக் குடுப்பானா?"

"டிக்கெட்லயே போட்டிருப்பான்."

"அப்ப இதயே போடுங்க. போறது வாரது ரெண்டும். அந்த ரூல் உள்ள பக்கத்தயும் சேத்து எடுத்துருங்க."

சரியான கஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன். பென்ஷன் வருகிறது, மகள் சம்பாதிக்கிறாள், இன்னும் கொஞ்சம் போட்டால் காலை நீட்டி உட்கார்ந்து போகலாம். ஆனால் வருடத்துக்கு இரண்டு தரம், ஆறு வருடம், அக்கா அந்த டிக்கெட்டில்தான் போனார். நடுச் சீட்டில், மடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்துடன். அந்த விதிப் பக்கம் பையின் முன்னறையில் மடிக்காமல் இருக்கும்.

அவர் பை கட்டுவது ஒரு திருவிழா. உடன்குடிக் கருப்பட்டி மருமகனுக்கு, அல்வா பேத்திக்கு, கூழ் வத்தல் மகளுக்கு. நாலு நாளைக்கு முன்பே கட்டி, தூக்கிப் பார்த்து, கடைக்குக் கொண்டுவருவார். "ஆறு தொள்ளாயிரம்" என்று சொல்லிவிட்டுத்தான் தராசில் வைப்பார். சரியாக இருக்கும். நூறு கிராம் எதற்கு மிச்சம் என்றால், "அவன் தராசு எப்பிடியோ" என்பார். ஒருதரம் விமான நிலையத்துச் சோதனையில் கருப்பட்டியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சிரட்டையில் ஊற்றி எடுத்த கறுத்த அரைவட்டங்கள் ஆறு. காவலர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். அக்கா பதறவில்லை. ஒரு மூலையை உடைத்துத் தான் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டை அவரிடம் நீட்டியிருக்கிறார். காவலர் மென்றுகொண்டே போகச் சொல்லிவிட்டார். ஊருக்கு வந்து இதைச் சொன்ன அக்காவின் ஒரே கவலை, உடைத்ததில் எடை எவ்வளவு குறைந்திருக்கும் என்பதுதான்.

அக்கா பூனாவுக்குப் போகிறார் என்றால் தெருவே பொட்டலத்துடன் வந்துவிடும். அங்கே பிள்ளைகளை வைத்திருக்கிற வீடு நாலைந்து உண்டு. "எம்மவனுக்கு ரெண்டு கிலோ அப்பளம்தான்" என்பார்கள். அக்கா அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவார். "ஏழு கிலோதான் விடுதான். நம்ம கையில என்ன இருக்கு, சொல்லுங்க." வந்தவர்கள் விமானக்காரனைத் திட்டிக்கொண்டு திரும்பிப் போவார்கள். பூனாவில் மகள், "இன்னும் ஒரு மாசம் இரும்மா" என்பாளாம். அங்கேயும் அதே காகிதம்தான். "தேதி மாறாதுல்லாட்டி. பாரு, போட்டிருக்கான்." மகள் வாசித்துவிட்டுப் பையைக் கட்ட உதவி செய்வாளாம்.

திரும்பி வந்த வாரத்தில் அக்கா தவறாமல் போகிற இடம் ஒன்று உண்டு. மலைமேல் இருக்கிற மாஞ்சோலை. அங்கே பாக்கியம் என்று அவருக்கு ஒரு சிநேகிதி. தேயிலைத் தோட்டத்துத் தபாலாபீஸில் வேலை பார்த்தவர். அக்கா அம்பாசமுத்திரத்தில் இருந்த காலத்தில் மலையிலிருந்து தபால் பை பஸ்ஸில் இறங்கி வரும். பை வாயைக் கட்டிய கயிற்றில் பாக்கியம் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருப்பார். 'மேல மழை' என்று இருக்கும். அக்கா பை திரும்பிப் போகும்போது 'கீழ வெயில்' என்று எழுதி அனுப்புவார். இரண்டு பேரும் முகம் பார்க்காமலே நாலு வருடம் இப்படிப் பேசியிருக்கிறார்கள். பிறகு பார்த்து, பழகி, முப்பது வருடம் ஆகிவிட்டது.

தோட்டத்தை மூடி, மலையில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்க வேண்டும் என்று ஆனபோது பாக்கியத்துக்கும் ஒரு நாள் குறிக்கவேண்டி வந்தது. மகன் திருப்பூரில் இருக்கிறார், அங்கே போக வேண்டியதுதான். சாமான்களை மகன் முன்னாலேயே வண்டி வைத்துக் கொண்டுபோய்விட்டார். ஆனால் பாக்கியம் தனியாக இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிறந்தது தோட்டத் தொழிலாளர்களுக்கான அந்த லைன் வீட்டில், கணவரைப் புதைத்தது அங்கே. அக்கா மேலே போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"நா வந்து கூட்டிட்டு எறங்குதேன்னு சொல்லிருக்கேன் தம்பி. சனிக்கெழம. பூனாவுல இருந்து அந்தச் செவ்வாக்கெழமையே வந்துருவேன். அதுக்குத் தக்கன போடுங்க."

"வராம போயிருமோன்னு அவங்க பயப்படலியா?"

"அவளுக்கு என் டிக்கெட்டப் பத்தித் தெரியும்லா. மாறாதுன்னு தெரியும்."

இந்த இடத்தில்தான் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அன்றைக்கு ஏதோ சலுகை என்று தேதி மாற்றக்கூடிய டிக்கெட், பதினைந்து கிலோ பெட்டியோடு, கொஞ்சம்தான் கூடுதலாக வந்தது. இத்தனை வருடம் என் கடை வாசலில் நின்று ஊராருக்கு எழுதிக் கொடுத்தவர் அல்லவா. வித்தியாசத்தை நானே போட்டு அதை எடுத்துவிட்டேன். அக்காவிடம் நீட்டியபோது அவர் வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"இத எதுக்குத் தம்பி பண்ணுனிய?"

"இருக்கட்டும்க்கா. ஒங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்ய?"

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எப்படி வரும்? வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் மலரவில்லை. கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை நான். பெருமை தாங்காமல் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு வீட்டிலிருந்து முழுசாக இட்லிக்கொப்பரையே வந்தது. டிக்கெட்டை மகளின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி, "இந்தத் தடவ தேதி மாத்திக்கிடலாம் தங்கச்சி" என்று போனிலும் சொல்லிவைத்தேன். உபகாரம் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அக்கா செவ்வாய்க்கிழமை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றார். இளைத்திருந்தார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"பேத்திக்கு அம்ம போட்டுருச்சு" என்றார். "செவ்வாக்கெழம கெளம்ப முடியல. மக வெள்ளிக்கு மாத்துனா. சரி, வெள்ளிக்கு வந்தாலும் சனிக்கு மேல போயிரலாம்னு இருந்தேன். வியாழக்கெழம பிள்ள எந்திச்சு வெளையாடுதா. அப்பவும் இவ, 'ஒனக்கும் ஒடம்பு அசதியா இருக்கும்மா, ரெண்டு வாரம் கழிச்சுப் போலாம், மாத்திட்டேன்'ன்னுட்டா."

"நீங்க சொல்லலியா, பாக்கியக்கா காத்திருப்பாங்கன்னு?"

"சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். 'போன்ல சொல்லிருவோம்'னா. மேல போன் எங்க கெடைக்கி? நா பைக்குள்ள இருந்து அந்தப் பக்கத்த எடுத்தேன் தம்பி. எப்பவும் போல எடுத்துட்டேன். எடுத்துப் பாத்தா, மாத்தலாம்னு போட்டிருக்கு."

இத்தனை வருடம் நான் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது என்ன என்று அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. அந்த அம்மாள் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே காகிதத்தை, அன்பளிப்பு என்ற பெயரில் நான் பிடுங்கியிருக்கிறேன்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஊருக்கு வந்த மறுநாளே மலையடிவாரத்துக்குப் போய், பஸ் நடத்துநரைப் பிடித்திருக்கிறார். பாக்கியம் அவரிடம் கொடுத்து வைத்த சீட்டு. பென்சிலில், பெரிய பெரிய எழுத்தாக இருந்தது.

'மூணு பஸ் பாத்தேன். கீழ வந்துட்டேன்.'

"மொத பஸ்ஸுல நா ஏறி வருவேன்னு நின்னிருக்கா. அதுல நா வரல. அடுத்ததுல வருவேன்னு நின்னிருக்கா. கண்டக்டர் சொல்லுதாரு, 'அந்த அம்மா ஏற மாட்டேன்னுட்டாங்க, டிக்கெட்டு மாறாதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க'ன்னு. கடைசி பஸ்ஸுல ஒத்தையில ஏறிருக்கா."

"எம் மேலதான் தப்புக்கா" என்றேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. மறைக்கவும் தோன்றவில்லை.

"ஒங்க மேல என்ன தப்பு. நல்லதுக்குத்தான பண்ணுனிய." அந்தச் சீட்டை மடித்து உள்ளே வைத்தார். "இனிமே பழைய மாதிரியே போடுங்க, என்ன?"

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பின் ஒரு மாதம் அக்கா கடைப்பக்கம் அதிகம் வரவில்லை. வந்தது ஒரு திங்கட்கிழமை, தோளில் பையோடு. திருப்பூருக்குப் போகிறாராம். பாக்கியத்தின் மகனிடம் கேட்டுக் கேட்டு விலாசம் வாங்கியிருக்கிறார். விலாசக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், ஒன்று தொலைந்தாலும் ஒன்று இருக்குமே என்றார்.

எடுத்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. பூனாவிலிருந்து மகள்.

"அண்ணே, அம்மாவுக்கு அடுத்த மாசம் ஒரு டிக்கெட் போடுங்க. போன தடவ போட்ட மாதிரியே, மாத்துறது. வாரதுக்கு மட்டும் போதும். திரும்புறத பெறவு பாத்துக்கிடுவோம். அங்கன தனியா இருந்து என்ன செய்யப் போறாங்க?"

மகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலில் இருந்தது பாசம்தான். "அம்மா இங்கதான் நிக்காங்க" என்று போனை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா காதில் வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே அண்ணாந்து என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். அங்கே ஜெராக்ஸ் ஒரு பக்கம் எவ்வளவு, லேமினேஷன் எவ்வளவு என்று ஒரு போர்டுதான் உண்டு. நான் கையைக் காட்டினேன். 'குடுங்க, அந்த டிக்கெட்டே இப்ப கெடையாதுன்னு சொல்லிருதேன்' என்று வாயசைத்தேன். பொய்தான். அவருக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன். அக்கா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"முடியாதுட்டி" என்றார்.

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வருவேன். பிள்ளையப் பாக்காம இருப்பேனா? போறது வாரது ரெண்டும் போட்டுக்கிட்டுத்தான் வருவேன். ஒரு மாசம் இருப்பேன். அதுக்கு மேல முடியாது." கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லட்டி, கோவம்லாம் ஒண்ணுமில்ல. எனக்குச் சோலி இருக்கு. பாக்கியத்தப் பாக்கப் போறேன். வச்சிருதேன்."

போனை என்னிடம் நீட்டினார். நான் ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பழக்கதோஷம்தான், கிளம்பும் முன் பையைக் கையில் எடுத்து லேசாக ஒரு தூக்குத் தூக்கினார்.

"ஏழு" என்றார்.

தராசில் வைத்தேன். ஒன்பது கிலோ முந்நூறு காட்டியது.

இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பையைத் தூக்கி மறுபடியும் வைத்தேன். அதே ஒன்பது முந்நூறு. தராசைத்தான் குறை சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"ஒங்க தராசு சரியாத்தான் இருக்கு தம்பி" என்றார் அக்கா. கையை விரித்து, உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "பஸ்ஸுல எவன் எட போடப் போறான்? இருக்கட்டும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.